சிஓபிடி முற்றி ஆஸ்பத்திரி போய் வந்த பிறகும் மூச்சு வாங்குகிறதா? வீட்டில் செய்ய வேண்டியவை

சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி, அதாவது திடீரென்று மோசமாகி, ஐந்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, நெபுலைசர், ஊசி, ஆக்ஸிஜன் எல்லாம் ஆகி, "இப்போ பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஹாலில் இருந்து பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்குகிறது. சரியாகக் குணமாகவில்லையா, அவசரப்பட்டு அனுப்பிவிட்டார்களா, இல்லை இனிமேல் இப்படித்தானா என்று வீடே குழம்பும். பக்கத்து வீட்டில் இருந்து வருகிறவர்கள் "அசையாம படுத்து ரெஸ்ட் எடுங்க" என்பார்கள், திணறும்போது சுற்றி நிற்பவர்கள் எல்லாம் "நல்லா மூச்சை இழுங்க, இழுங்க" என்று கத்துவார்கள். இந்த இரண்டு அறிவுரையுமே தவறு. ஏன் என்பதையும், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும்தான் எழுதப்போகிறேன். அப்பாவை வைத்துப் பார்த்துக்கொண்டதில் தெரிந்ததும், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததும், பிறகு படித்துத் தெளிந்ததும் இதில் கலந்திருக்கிறது. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரின் வேலை, அதில் நான் தலையிடவில்லை.

முதலில் நாள் கணக்கு. கிழக்கு லண்டன் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நோய் முற்றியதற்குப் பிறகு சுமார் பாதிப் பேருக்கு ஒரு வாரத்தில், பலமாக ஊதும்போது வெளியேறும் மூச்சின் வேகம் பழைய நிலைக்கு வந்திருக்கிறது. 5 வாரம் ஆகியும் நாலில் ஒருவருக்கு வரவில்லை. 3 மாதம் ஆகியும் திரும்பாதவர்கள் 7 சதவீதம் பேர். ஆகவே மூன்றாவது வாரத்தில் மூச்சு வாங்குகிறது என்பது மட்டுமே கெட்ட அறிகுறி இல்லை. எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். போன வாரம் வாசல்வரை நடக்க இரண்டு முறை நின்றவர் இந்த வாரம் ஒருமுறை நின்றால், மெதுவாக என்றாலும் சரியான பக்கம்தான் போகிறது. நேற்றைவிட இன்று மோசம், இன்றைவிட நாளை மோசம் என்று இறங்கிக்கொண்டே போனால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

உடனே கிளம்ப வேண்டியது எப்போது

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை எல்லாரும் படிப்பதில்லை.

உட்கார்ந்திருக்கும்போதே ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிற்கிறார், பம்ப் (இன்ஹேலர்) அடித்தும் அடங்கவில்லை, உதட்டின் உட்பக்கமோ நாக்கோ நகமோ நீலம் பாய்ந்த மாதிரி இருக்கிறது (கறுத்த தோலில் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நாக்கைத்தான் பார்க்க வேண்டும்), வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறார், கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், நெஞ்சு வலிக்கிறது, சளியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் 108-க்கு அடியுங்கள். தூக்கக் கலக்கத்தைக் குறிப்பாகக் கவனியுங்கள். "பாவம், களைச்சுத் தூங்குறார்" என்று வீட்டில் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். காலையில் எழுந்ததும் தலைவலி, பகல் முழுக்க மந்தம், கை வெடவெட என்று உதறுவது எல்லாம் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தேங்குவதால் இருக்கலாம்.

இன்னொன்று, சிஓபிடி இருப்பவருக்கு வருகிற மூச்சுத் திணறல் எல்லாமே சிஓபிடி இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, கூடவே திடீரென்று மூச்சு முட்டினால் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஒரு பக்க நெஞ்சில் சுருக்கென்று குத்தி மூச்சு அடைத்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் தாமதமே கூடாது. இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் தேவலை என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். காய்ச்சலும் எடைக் குறைவும் வாரக்கணக்கில் இருமலும் சேர்ந்திருந்தால் நம் ஊரில் டிபி பரிசோதனையை விடவே கூடாது. சோகை இருந்தாலும் மூச்சு வாங்கும். இவை எதுவும் மூச்சுப் பயிற்சியால் போகாது.

பிரச்சினை உள்ளே போகிற காற்றில் இல்லை

சிஓபிடியில் மூச்சுக்குழாய்கள் சுருங்கி, சளி அடைத்து, காற்று வெளியேறுகிற வழி குறுகிவிடுகிறது. உள்ளே இழுக்கும்போது குழாய் கொஞ்சம் விரியும், அதனால் காற்று எப்படியோ போய்விடும். விடும்போது அமுங்கும். முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியதாகிவிடுகிறது. பழைய காற்று அப்படியே உள்ளே தங்கி, நெஞ்சு ஊதி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே தள்ளப்பட்டு, புதுக் காற்றுக்கு இடமே இல்லாமல் போகிறது. டவுன் பஸ்ஸில் இறங்குகிறவர்களை இறங்க விடாமல் ஏறுகிறவர்கள் முண்டியடிக்கிற அதே கதை. வேகவேகமாக மூச்சு இழுக்க இழுக்க நெரிசல் கூடும். அந்த நேரத்தில் "நல்லா இழுங்க" என்று சொல்வது இன்னும் நாலு பேரைப் படியில் ஏற்றிவிடுவதுதான்.

அதனால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே ஒரு வாசகத்தைச் சொல்லி வையுங்கள்: "மெதுவா வெளியே விடுங்க."

செய்கிற முறை இதுதான். தோளைத் தளர்த்துங்கள். வாயை மூடி மூக்கால் இழுங்கள், மனசுக்குள் ஒன்று, இரண்டு. ஆழமாக வேண்டாம், சாதாரணமாக இழுத்தால் போதும். பிறகு விசிலடிக்கக் குவிக்கிற அளவுக்கு உதட்டைக் குவித்து, அந்தச் சின்ன இடைவெளி வழியாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே விடுங்கள். தம் கட்டி ஊதக் கூடாது, கன்னம் உப்பக் கூடாது, தானாக வழிந்து போகிற மாதிரி விட வேண்டும். நாலு எண்ண முடியவில்லை என்றால் மூன்று எண்ணுங்கள், இழுக்கிற நேரத்தைவிட விடுகிற நேரம் அதிகம் என்பதுதான் கணக்கு. உதட்டைக் குவிப்பதால் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தம் நிற்கும், அது அமுங்காமல் திறந்திருக்கும், உள்ளே சிக்கிய காற்று வெளியே வரும். இதை நன்றாக இருக்கும் நேரத்தில் டிவி பார்த்துக்கொண்டே ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பழக வேண்டும். திணறும்போது முதன்முதலாகக் கற்றுக்கொடுத்தால் யாருக்கும் வராது, கோபம்தான் வரும்.

உட்காரும் முறையும் சேர்ந்தால்தான் இது முழுதாக வேலை செய்யும். நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றச் சொல்லுங்கள். அல்லது முன்னால் மேசையில் இரண்டு தலையணையைப் போட்டு அதன்மேல் கையையும் தலையையும் சாய்க்கலாம். வெளியே நடக்கும்போது வந்தால் சுவரிலோ நிறுத்தியிருக்கிற வண்டியிலோ கையை ஊன்றி முன்னால் சாய்ந்து நிற்பது போதும். கை ஊன்றியிருக்கும்போது தோள், கழுத்துத் தசைகள் மூச்சுக்கு உதவ முடிகிறது. மல்லாக்கப் படுக்க வைப்பது மட்டும் வேண்டாம்.

அப்புறம் விசிறி. இது கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் கையில் பிடிக்கிற சின்ன விசிறியால் முகத்தில் காற்றுப் படும்போது மூச்சுத் திணறல் உணர்வு குறைகிறது என்று முறையாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மூக்கு, கன்னம், மேலுதடு இருக்கும் பகுதியின் நரம்பு குளிர்ச்சியை உணர்ந்து மூளைக்குச் சொல்வதால் அந்த ஆறுதல் கிடைக்கிறது என்பது விளக்கம். சார்ஜ் போடுகிற கைவிசிறி கடையில் கிடைக்கும், பனையோலை விசிறி வீட்டில் இருந்தால் அதுவும் போதும், ஆனால் நோயாளியே வீசக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் வீச வேண்டும். ஆக்ஸிஜன் அளவை இது ஏற்றாது, உணர்வைத்தான் தணிக்கும். அதுவே பெரிய விஷயம், ஏனென்றால் திணறல் பயத்தைக் கிளப்புகிறது, பயத்தில் மூச்சு வேகமாகிறது, வேகமானால் காற்று இன்னும் உள்ளே சிக்குகிறது.

அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். "என்ன பண்ணுது? எங்க வலிக்குது? டாக்டருக்குப் போன் போடவா?" என்று கேட்டால் பதில் சொல்ல அவர் மூச்சைச் செலவழிக்க வேண்டும். தலையாட்டிப் பதில் சொல்கிற மாதிரி ஒரு கேள்வி போதும்.

படுக்கையே பாதி நோய்

ஒரு வாரம் கட்டிலில் கிடந்தால் தொடைச் சதை கரைந்துவிடும். வயதானவர்களுக்கு இன்னும் வேகமாக. கூடவே ஸ்டீராய்டு மருந்தும் தசையைப் பலவீனமாக்கும். பலமில்லாத கால் அதே பத்தடிக்கு அதிக ஆக்ஸிஜன் கேட்கும், நுரையீரல் அதைக் கொடுக்க முடியாமல் இரைக்கும். மூச்சு வாங்குகிறதே என்று இன்னும் கொஞ்சம் படுத்தால் கால் இன்னும் கொஞ்சம் போகும். நுரையீரலின் சேதத்தை நாம் திருப்ப முடியாது. கால் சதையைத் திருப்ப முடியும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு மீதமிருக்கிற மூச்சிரைப்பில் நம் கையில் இருக்கிற பங்கு பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து, ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை.

எழுந்து உட்காருவதில் ஆரம்பியுங்கள். கை வைத்த, ஆடாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் (முடியாவிட்டால் ஊன்றியே) எழுந்து நிற்க வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். எழும்போது மூச்சை விடுவது, உட்கார்ந்த பிறகு இழுப்பது. முதல் வாரம் ஐந்து தடவை, ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை. சுலபமாகிவிட்டால் ஏழு, பத்து என்று கூட்டலாம்.

நடைக்கு ஒரேயடியாக அரை மணி நேரம் கேட்காதீர்கள். வீட்டுக்குள்ளேயோ திண்ணையிலோ இரண்டு நிமிடம், ஓய்வு, மறுபடி இரண்டு நிமிடம். பூஜ்யத்தில் இருந்து பத்துவரை மூச்சிரைப்புக்கு மார்க் போடச் சொன்னால் மூன்று, நாலு வருகிற அளவுக்கு நடக்கலாம். அதாவது பேச முடிய வேண்டும், பாட முடியாது. ஏழெட்டு என்றால் அதிகம். நின்றபிறகு ஐந்து நிமிடத்துக்குள் மூச்சு சாதாரணமாகிவிட வேண்டும், இல்லையென்றால் நாளைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மூச்சு வாங்குவது ஆபத்தில்லை, வாங்காமல் பயிற்சியே இல்லை. ஆனால் நடக்கும்போது ஆக்ஸிமீட்டர் 88-க்குக் கீழே இறங்கினாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சை அடைத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். நோய் முற்றிய சமயத்தை ஒட்டி மாரடைப்பு வாய்ப்பும் கூடுதலாக இருக்கிறது, அதனால் நெஞ்சு வலியை வாயு என்று ஒதுக்க வேண்டாம்.

மாடிப்படி ஏறுவதற்குத் தனி முறை. நின்று மூச்சை இழுங்கள், விட்டுக்கொண்டே இரண்டு படி ஏறுங்கள், நில்லுங்கள், மறுபடி இழுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டுவிடுங்கள், அவசரம் அவர்களுடையது. குடம், பை தூக்கும்போதும் இதே விதி, பாரம் எழும் கணத்தில் மூச்சு வெளியே போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் செய்யக் கூடாது.

முறைப்படி இதையெல்லாம் கற்றுக்கொடுக்கும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறது, டாக்டர்கள் பல்மனரி ரீஹேப் என்பார்கள். டிஸ்சார்ஜ் ஆன நாலு வாரத்துக்குள் தொடங்கினால் நல்லது என்பது உலக அளவில் பின்பற்றுகிற வழிகாட்டுதல். எல்லா ஊரிலும் கிடைக்காது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை (1928-இல் காசநோய்க்காகத் தொடங்கியது) போன்ற இடங்களிலும், பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளின் நெஞ்சகப் பிரிவிலும், தனியார் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் கேட்டுப் பாருங்கள். போய்வர முடியாதவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைக் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்க வேண்டும்.

குளியல்

நாள் முழுக்க இருக்கிற வேலைகளிலேயே மூச்சை அதிகம் வாங்குவது குளியல்தான். குனிய வேண்டும், கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், ஆவி வேறு. கை தோளுக்கு மேல் போனாலே மூச்சுக்கு உதவுகிற தசைகள் அந்த வேலைக்குப் போய்விடும், இரைப்பு கூடும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார வையுங்கள். வாளியைத் தரையில் வைக்காமல் இன்னொரு ஸ்டூல்மேல் வைத்தால் மொண்டு ஊற்றக் குனிய வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கதவைத் தாழ்போடாமல் கொஞ்சம் திறந்து வைத்தால் ஆவி சேராது, விழுந்தாலும் கூப்பிடலாம். ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள் குளிக்கும்போதும் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அப்போதுதான் அதிகம் தேவைப்படும். முடித்ததும் நின்று துவட்டுவது வேண்டாம். பெரிய துண்டை மேலே போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்தால் ஈரம் தானே இழுத்துக்கொள்ளும். பனியனைத் தலைவழியாகப் போடுவதைவிட முன்னால் பட்டன் வைத்த சட்டை நல்லது. பெண்களுக்குத் தலை வாருவதும் புடவைக் கொசுவம் வைப்பதும் இதே சிரமம்தான், கொஞ்ச நாளைக்கு யாராவது தலை வாரிவிடட்டும், முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி போடட்டும்.

இந்தியன் டாய்லெட்டில் குந்தினால் வயிறு அழுந்தி மூச்சு திணறும். ஓட்டை போட்ட கமோட் நாற்காலி வாங்கிப் போட்டுவிடுங்கள். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கும்போது மூச்சு நின்றுவிடுகிறது. சமைக்கிறவர் என்றால் தரையில் அருவாமனையோடு உட்காராமல் மேசையில் கத்தியால் நறுக்கலாம், அடுப்படியில் உயரமான ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம். குளியல், துணி, நடை எல்லாவற்றையும் காலை எட்டு மணிக்குள் முடிக்கப் பார்க்காமல் நாள் முழுக்கப் பரப்பி வையுங்கள். பம்ப் அடித்துக் கொஞ்ச நேரம் கழித்துக் குளித்தால் வித்தியாசம் தெரியும்.

பம்ப் சரியாக உள்ளே போகிறதா

மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களில் பலருக்கு மருந்து நுரையீரலுக்கே போய்ச் சேர்வதில்லை. டிஸ்சார்ஜ் நாளன்று சிஸ்டர் இரண்டு நிமிடத்தில் காட்டியிருப்பார், காட்டியதைப் பாதி பார்த்திருப்போம். அடுத்தமுறை போகும்போது பம்ப்பைக் கையோடு எடுத்துப்போய் டாக்டர் முன்னால் அடித்துக் காட்டுங்கள்.

ஸ்ப்ரே வகை பம்ப்புக்கும் பவுடர் வகைக்கும் இழுக்கிற விதமே வேறு, இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுவது. ஸ்ப்ரேயைக் குலுக்கி, ஸ்பேசரில் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கிற குழாய்) மாட்டி, மூச்சை விட்டுவிட்டு, ஒரு தடவை அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுக்க வேண்டும். பத்துவரை எண்ணி நிறுத்த முடிந்தால் நல்லது, இல்லையென்றால் முடிந்தவரை. இரண்டாவது பஃப்புக்கு அரை நிமிடமாவது விட்டு, மறுபடி குலுக்கி அடிக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து அடித்தால் ஸ்பேசர் சுவரில்தான் ஒட்டும். ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள், துணியால் துடைத்தால் மருந்து சுவரில் அதிகம் ஒட்டிக்கொள்ளும்.

ரோட்டாஹேலர் மாதிரியான பவுடர் கருவியில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பவுடர் நிரப்பிய கேப்ஸ்யூல் மாத்திரையின் கண்ணாடி போன்ற பக்கம் கீழே இருக்கும்படி ஓட்டையில் போட்டு அழுத்தி, அடிப்பாகத்தைத் திருகினால் மாத்திரை இரண்டாகப் பிரியும். முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும், கருவிக்குள் ஊதினால் ஈரத்தில் பவுடர் கட்டிக்கொள்ளும். இழுத்த பிறகு திறந்து பாருங்கள், பவுடர் மிச்சம் இருந்தால் மறுபடி இழுக்க வேண்டும். நோய் முற்றி வந்தவருக்கு அவ்வளவு வேகமாக இழுக்கத் தெம்பே இருக்காது, அப்போது கொஞ்ச நாளைக்கு ஸ்பேசர் வைத்த ஸ்ப்ரேயோ நெபுலைசரோ தர முடியுமா என்று கேளுங்கள். அந்த மாத்திரையை விழுங்குகிறவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள், மாத்திரை என்று எழுதிக் கொடுத்தால் விழுங்கத்தான் தோன்றும்.

ஸ்டீராய்டு கலந்த பம்ப் அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வெள்ளையாகப் பூஞ்சை படியும், குரல் கம்மும். அவசர பம்ப் எது, தினசரி பம்ப் எது என்று ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வையுங்கள். அவசர பம்ப் முன்பைவிட அடிக்கடி தேவைப்பட ஆரம்பித்தால் அதுவே டாக்டருக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

சளியை வெளியே கொண்டுவர, கத்தி இருமிக் களைத்துப்போகாமல், நடுத்தரமாக மூச்சை இழுத்து, வாயை நன்றாகத் திறந்து, தொண்டையில் சத்தம் வராமல் "ஹா" என்று இரண்டு முறை விடுங்கள். சளி மேலே வந்ததும் ஒரே இருமலில் துப்பிவிடலாம். நடுநடுவே சாதாரணமாக மூச்சு விட்டு ஓய்வெடுக்க வேண்டும். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு விடும், குழாய் விரியாது, கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகிற ஆபத்துதான் மிச்சம். ஆடாதோடையைப் பற்றிக் கேட்பார்கள். சளியை இளக்கக் கொடுக்கிற புரோம்ஹெக்சின், அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் செய்யப்பட்டது, ஆகவே பாட்டி சொன்னது சும்மா இல்லை. தூதுவளை ரசம் வையுங்கள், சாப்பிடுங்கள். பம்ப்பை நிறுத்திவிட்டு அதை மட்டும் குடிக்காதீர்கள்.

ஆக்ஸிஜன், மாத்திரை, சாப்பாடு

ஆக்ஸிமீட்டரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாட்டிப் பார்க்கிற வீடுகள் இருக்கின்றன, அது நோயாளியைப் பயமுறுத்துவதற்குத்தான் உதவும். காலை, மாலை, நடந்தபிறகு என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதினால் போதும். கை ஜில்லென்று இருந்தாலோ, நகப்பூச்சு, மருதாணி இருந்தாலோ தப்பாகக் காட்டலாம், கறுத்த தோலில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. ஆக்ஸிஜன் கொடுக்கும்போது கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு வைக்கிற இலக்கு 88 முதல் 92, நூறு இல்லை. கான்சன்ட்ரேட்டர் (வீட்டில் ஆக்ஸிஜன் தரும் கருவி) வைத்திருப்பவர்கள் திணறலைப் பார்த்துப் பதறி லிட்டரை ஏற்றினால், சிலருக்குக் கார்பன் டை ஆக்ஸைடு ஏறி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். எழுதிக் கொடுத்த அளவைத் தாண்டாதீர்கள். அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது, தீப்பிடிக்கும். டிஸ்சார்ஜில் கொடுத்த ஆக்ஸிஜன் ஆயுளுக்கும் என்று அர்த்தமில்லை, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி சோதித்து வேண்டுமா என்று முடிவு செய்வார்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை (பிரெட்னிசோலோன்) பெரும்பாலும் தினம் 40 மி.கி. வீதம் 5 நாள்தான். நன்றாக இருந்ததே என்று பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மறுபடி வாங்க வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டு வருகிறவர் என்றால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த நாட்களில் சர்க்கரை எகிறும், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். டெரிஃபிலின் என்ற மூச்சுக்குழாய் விரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேறு டாக்டரிடம் போகும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும், சிப்ரோஃபிளாக்சசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளோடு சேர்ந்தால் அதன் அளவு ரத்தத்தில் ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்புவரை போகலாம். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம் மாதிரி மாத்திரையை யாரிடமாவது வாங்கிப் போடுவது இந்த நோயில் ஆபத்து, மூச்சு விடுகிற உந்துதலையே அது மந்தமாக்கும். தலைமாட்டை உயர்த்திப் படுக்க வைப்பது, ராத்திரி விழித்தால் கைக்கெட்டும் தூரத்தில் பம்ப், விசிறி, தண்ணீர் வைப்பது இவற்றை முதலில் செய்து பாருங்கள். பயமும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் போகவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் அசைய இடமிருக்காது. மூன்று வேளையை ஐந்தாக்குங்கள். கஞ்சி மட்டும் கொடுத்தால் சதை திரும்பாது, முட்டை, பருப்பு, மீன், தயிர், சுண்டல் என்று புரதம் வேண்டும். சுண்டல் வாயுவைக் கிளப்பினால் விட்டுவிடுங்கள். சாப்பிடுமுன் கால்மணி நேரம் ஓய்வு, சாப்பிடும்போது பேச்சு வேண்டாம்.

வீட்டுப் புகை

பீடி, சிகரெட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மேலே எழுதியதெல்லாம் பாதிப் பயன்தான். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விட உதவி செய்கிறார்கள். ஆனால் பீடியைத் தொடாத எத்தனையோ பெண்களுக்கு விறகடுப்புப் புகையாலேயே இந்த நோய் வந்திருக்கிறது, அதனால் வீட்டுக்குள் இருக்கிற மற்ற புகைகளையும் பாருங்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளைக் கக்குகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் எல்லாவற்றையும் அவர் இருக்கும் அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. மிளகாய் தாளிக்கும் நெடி வந்தால் அவரை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுத் தாளியுங்கள். தீபாவளி, போகி அன்று விடியற்காலையில் ஜன்னலைச் சாத்தி உள்ளேயே இருக்கட்டும், மார்கழிப் பனியில் நடை வேண்டாம், வெயில் வந்தபின் போகலாம்.

அடுத்த எட்டு வாரம்

ஒருமுறை முற்றியவருக்கு அடுத்த எட்டு வாரத்துக்குள் மறுபடி முற்றும் வாய்ப்பு அதிகம். அதனால் நோட்டில் மூன்று விஷயத்தை மட்டும் தினம் குறித்து வையுங்கள்: மூச்சு எப்படி, சளி எவ்வளவு, சளியின் நிறம் என்ன. வெள்ளையாக இருந்தது மஞ்சளோ பச்சையோ ஆகி, அளவும் கூடி, மூச்சும் மோசமானால் அன்றைக்கே போங்கள். வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் அவர் மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும். ஃப்ளூ தடுப்பூசி வருடம் ஒருமுறை, நிமோனியா தடுப்பூசி எப்போது எது என்று டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சு நன்றாக இருந்தாலும் டிஸ்சார்ஜ் ஆன ஒரு மாதத்துக்குள் ஒருமுறை, மூன்று நாலு மாதத்தில் இன்னொரு முறை டாக்டரைப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, நோட்டு, எல்லாப் பம்ப்பும், மற்ற நோய்களுக்குச் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளும் ஒரே பையில் இருக்கட்டும். "இவ்வளவு மோசமானால் வீட்டில் என்ன கொடுக்கலாம், எப்போது கிளம்ப வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், வாயால் சொன்னது நடுராத்திரியில் ஞாபகம் வராது. இரண்டாவது முறை போகும்போது ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிப்பது) எடுப்பார்கள், அன்று காலை எந்தப் பம்ப்பை அடிக்கலாம், எதை அடிக்காமல் போக வேண்டும் என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதற்காகவே இன்னொரு நாள் அலைய வேண்டியிருக்கும்.